சின்னக் கடல்நீர்த் தொட்டியில் மணல் ஒரு பக்கமாக ஒதுங்கினால்

தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரை ஓடவிட்டு ஒரு ராத்திரி தாண்டினால் போதும். ஒரு பக்கம் தொட்டியின் அடிக்கண்ணாடி பளிச்சென்று தெரியும், இன்னொரு பக்கம் மணல் மேடு கட்டியிருக்கும். இதைப் பார்த்ததும் மேட்டைக் கையால் தள்ளிச் சமப்படுத்தத் தோன்றும், இல்லையென்றால் பம்பைக் குறைக்கத் தோன்றும். தள்ளிவிட்ட மணல் மறுநாளே பழைய இடத்துக்குப் போய்விடும். பம்பைக் குறைப்பது அதைவிட மோசம்: கல்லுக்குப் பின்னால் கழிவு தங்கும், கொஞ்ச நாளில் மணல்மேல் சயனோ என்கிற பாக்டீரியாவின் சிவப்புப் படலம் படரும். ஓட்டத்தின் அளவில் கை வைப்பதற்கு முன்னால், அது எந்த இடத்தில் கீழ்நோக்கித் திரும்புகிறது என்று பாருங்கள். குழி விழுவது அங்கேதான்.

முதலில் அளவு. என் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். கணக்குப்படி சுமார் 65 லிட்டர். கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்தால் தண்ணீர் 50 லிட்டர் சொச்சம்தான். மென்மையான கோரல்களுக்கு (பவள உயிரிகளுக்கு) மணிக்குத் தொட்டித் தண்ணீரைப் போல 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதும். அக்ரோபோரா மாதிரிக் கெட்டிக் கோரல்களுக்கு 30 மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் மென்மையானவை என்பதால் மணிக்கு 1,000 லிட்டரை ஒட்டி வைத்திருக்கிறேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. பம்ப் வாங்குங்கள். சின்னத் தொட்டியில் ஒரே வேகத்தில் ஓடும் பம்பை வைத்துக்கொண்டு மணலைக் காப்பாற்றுவது கஷ்டம்.

எந்த மணல் சீக்கிரம் நகரும் என்பதற்கு ஆற்றுப் படிவுகளை ஆராய்ந்தவர்கள் விடை வைத்திருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த யூல்ஸ்ட்ரோம் 1935இல் வெளியிட்ட வளைகோட்டின்படி, ஓட்டத்தில் மிக எளிதாகக் கிளம்புவது ஏறக்குறைய கால் முதல் அரை மில்லிமீட்டர் வரையுள்ள மணல். விநாடிக்கு 20 செ.மீ. அளவு வேகமே அதைக் கிளப்பிவிடும். அதைவிடப் பெரிய துகளை அதன் எடை பிடித்து வைக்கும், வண்டல் மாதிரி நுண்ணியது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாம் ஆசைப்பட்டு வாங்கும் சர்க்கரை போன்ற வெள்ளை மணலின் பெரும்பகுதி இந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது. நாம் போடும் அரகொனைட் என்ற சுண்ணாம்பு மணல் ஆற்று மணலைவிடக் கொஞ்சம் எடை கூடியது, ஆனால் அந்த வித்தியாசம் நம்மைக் காப்பாற்றாது. எனவே புதிதாக வைப்பவர்கள் 1 முதல் 2 மி.மீ. பருமன் உள்ள அரகொனைட்டை 2 முதல் 4 செ.மீ. உயரத்துக்குப் போட்டால் பாதிப் பிரச்சினை தொடங்காமலே போகும். இதைவிட ரொம்பப் பெரிதானால் இடுக்குகளில் கழிவு இறங்கித் தங்கிவிடும். மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் மீன் வளர்ப்பவர்களுக்கு நைஸ் மணலை விட்டால் வழியில்லை. அவர்கள் பம்பைத் திருப்புவதில்தான் கவனம் வைக்க வேண்டும்.

பம்பை எப்படித் திருப்புவது என்று இப்போது பார்ப்போம். பம்பிலிருந்து கிளம்பும் நீர் நேராகப் போய் எதிர்க் கண்ணாடியில் மோதி நாலாபக்கமும் விரியும். அதில் ஒரு பங்கு கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கி, மணலைத் தொட்டு, தரையோடு தரையாகத் திரும்பி வரும். அதனால்தான் குழி பெரும்பாலும் பம்புக்கு அடியில் விழாமல் எதிர்ப்பக்கக் கண்ணாடியின் காலடியில் விழுகிறது. குழியைப் பார்த்தாலே பம்ப் எங்கே மோதுகிறது என்று சொல்லிவிடலாம். நேருக்கு நேர் மோதினால் இறங்கும் வேகம் அதிகம். சாய்வாக மோதினால் நீர் கண்ணாடி ஓரமாகவே வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பம்பைப் பக்கக் கண்ணாடியில், பின் மூலைக்கு அருகே, நீர்மட்டத்துக்கு 5 முதல் 8 செ.மீ. கீழே மாட்டுங்கள். முகத்தை முன்கண்ணாடியின் நடுப்பகுதி நோக்கிச் சாய்த்து, மேற்பரப்பு லேசாக நடுங்கும்வரை மேல்பக்கமாகத் தூக்குங்கள். அந்த நடுக்கம் ஆக்சிஜனுக்கும் நல்லது, மேலே படியும் எண்ணெய்ப் படலத்தையும் உடைக்கும்.

பெரிய பம்ப் ஒன்றைவிடச் சின்ன பம்ப் இரண்டு மேல் என்பது என் உறுதியான கருத்து. இரண்டின் ஓட்டமும் நடுத்தண்ணீரில் ஒன்றையொன்று சந்தித்தால் வேகம் அங்கேயே உடைந்து சுழலாகிவிடும். கோரல்களுக்குப் பல திசையிலிருந்தும் நீர் கிடைக்கும், தரைக்கு வேகம் போகாது. பம்ப் ஒன்றுதான் என்றால், வடிகட்டிய நீரைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிட்டர்ன் குழாயின் வாயை அதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி இந்த வேலையைக் கொஞ்சம் செய்யலாம்.

கல்லையும் கவனிக்க வேண்டும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையில் சந்து குறுகினால் அதற்குள் நீர் வேகமெடுத்து மணலை வாரிக்கொண்டு போகும். நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள். கல்லை அடிக்கண்ணாடியில் நேரடியாக உட்கார வைத்து, அப்புறம்தான் மணலைப் போட வேண்டும். மணல்மேல் வைத்த கல்லின் அடியைப் பிஸ்டல் இறால் தோண்டினால் முழு அடுக்கும் சரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. விளக்கை அணைத்து, பக்கவாட்டில் மணல் மட்டத்துக்கு டார்ச் அடியுங்கள். கொஞ்சம் தீனியை நுணுக்கிப் போட்டால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்: எங்கே சுற்றுகிறது, எங்கே அப்படியே நிற்கிறது, எங்கே கீழே பாய்கிறது எல்லாம். பம்பை 30 சதவீதத்தில் தொடங்கி 5, 5 ஆகக் கூட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் விட்டு. மணல் துகள்கள் துள்ளத் தொடங்கினால் ஒரு படி இறங்குங்கள். சரியான இடம் கிடைத்ததும் பம்பின் இடத்தை வெளிக்கண்ணாடியில் சின்ன டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். புது மணலில் அவசரம் வேண்டாம். சில வாரங்களில் பாக்டீரியாப் படலம் துகள்களைப் பிடித்துக்கொள்ளும், அப்போது ஓட்டத்தை இன்னும் கூட்டலாம்.

பம்பைச் சீரான துடிப்பாக விட்டுவிட்டு ஓட்டும் பல்ஸ் மோடைச் சின்னத் தொட்டியில் நான் பயன்படுத்துவதில்லை. துடிப்பு தொட்டியின் நீளத்துக்கு ஒத்துப்போய்விட்டால் மொத்த நீரும் ஊஞ்சலாடி மணலை வரிவரியாக்கிவிடும். வேகம் ஒழுங்கில்லாமல் மாறும் ரேண்டம் மோட் போதும்.

மணலைக் கிளறிவிடுவதற்காக மணல் சலிக்கும் நட்சத்திர மீனையோ பெரிய கோபி மீனையோ வாங்காதீர்கள். இவ்வளவு சின்ன மணல் பரப்பில் அவற்றுக்குத் தீனி சீக்கிரம் தீர்ந்துபோகும், மெலிந்து சாகும். நாசேரியஸ் நத்தை இரண்டு மூன்று இருந்தால் போதும். சோவாந்தஸ் என்ற மென்மையான கோரல்மேல் மணல் விழுந்திருந்தால் பிப்பெட்டால் மெதுவாக ஊதிவிடுங்கள். திரும்பத் திரும்ப விழுந்தால் அதை மேல் கல்லுக்கு மாற்றுங்கள்.

கண்ணாடி துடைக்கும் காந்தத்தை மணலுக்கு 2 செ.மீ. மேலேயே நிறுத்துங்கள், ஒரு துகள் நடுவில் சிக்கினாலும் கீறல் நிரந்தரம். பம்பை மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துச் சுண்ணாம்புப் படிவைக் கழுவ வேண்டும். கழுவிய பம்ப் புதிது போல இழுக்கும், பழைய அளவிலேயே வைத்தால் மணல் மறுபடி கிளம்பும். அதனால் 10 சதவீதம் குறைத்து ஓடவிட்டு, மறுநாள் எதிர்க் கண்ணாடியின் காலடியைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.