டெப்ளாய் கோடுடன் போகும் கோப்புகள்: எடுப்பதும் சோதிப்பதும்

என் லேப்டாப்பில் பல மாதம் ஒழுங்காக ஓடிய டெப்ளாய் ஸ்கிரிப்ட் (நிரலைச் சர்வரில் நிறுவும் ஸ்கிரிப்ட்), சர்வரில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) வழியாக ஓடிய முதல் நாளே 'கோப்பு இல்லை' என்று விழுந்தது. கோப்பு இருந்தது. நான்தான் 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரில் தொடங்கும் சார்புப் பாதையைக் கொடுத்திருந்தேன். அந்தப் பாதை பைதான் கோடு இருக்கும் இடத்திலிருந்து கணக்காவதில்லை. கட்டளை எந்த டைரக்டரியில் ஓடுகிறதோ அங்கிருந்து கணக்காகும். கிரானுக்கு அது பயனரின் ஹோம் டைரக்டரி.

கோடுடன் போகும் இப்படிப்பட்ட கோப்புகளைப் பைதானில் சரியாக எடுத்துப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம். பதிப்பு 3.9 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

படி 1: இடம்

கான்ஃபிக் டெம்ப்ளேட், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பேக்கேஜ் ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்ற துணை ஃபோல்டரில் போடுங்கள். கோடு முழுதும் இருக்கும் ரெப்போவின் மேல்மட்டத்தில் கிடப்பவை இன்ஸ்டால் ஆகும்போது கூட வராது.

படி 2: படிப்பது

இம்போர்ட்லிப் டாட் ரிசோர்சஸ் மாட்யூலில் 'ஃபைல்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, வகுத்தல் குறியால் 'டேட்டா'வையும் கோப்பின் பெயரையும் சேர்த்து, 'ரீட் டெக்ஸ்ட்' கூப்பிடுங்கள். என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். இனி எந்த டைரக்டரியிலிருந்து ஓட்டினாலும் கவலையில்லை. இணையத்தில் 'பிகேஜி ரிசோர்சஸ்' என்று பழைய வழி ஒன்று கிடைக்கும், அதைத் தொடாதீர்கள்.

எஸ்சிபி (வேறு கணினிக்குக் கோப்பை நகலெடுப்பது) போன்ற வெளிக் கட்டளைக்கு டிஸ்கில் உண்மையான பாதை வேண்டும் அல்லவா? அதற்கு அதே மாட்யூலின் 'ஆஸ் ஃபைல்' ஃபங்ஷன். அதை 'வித்' பிளாக்கில் வைத்து, வேலையையும் உள்ளேயே முடியுங்கள். பேக்கேஜ் ஜிப்புக்குள் இருந்தால் கிடைப்பது தற்காலிகக் கோப்பு. பிளாக் முடிந்ததும் அழிந்துவிடும்.

படி 3: பில்டுக்குச் சொல்வது

பேக்கேஜை பில்ட் செய்ய நீங்கள் பயன்படுத்துவது செட்அப்டூல்ஸ் என்றால், பைப்ராஜெக்ட் டாட் டாம்ல் கோப்பில் 'பேக்கேஜ்-டேட்டா' பகுதியில் எந்தெந்தக் கோப்புகள் என்று எழுதுங்கள். 'டேட்டா'வுக்குள் நட்சத்திரம் டாட் கான்ஃப் என்று மட்டும் எழுதிவைத்தால், நாளைக்குச் சேர்க்கும் ஷெல் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் விடுபடும். பில்ட் முடிந்ததும் கிடைக்கும், இன்ஸ்டால் செய்யும் வீல் கோப்பு வெறும் ஜிப்தான். அன்ஜிப் கட்டளையால் உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டு ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படி 4: சோதனை

பைதானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் முதல் சோதனை எளிது: கோடு பயன்படுத்தும் ஒவ்வொரு கோப்பும் இருக்கிறதா, காலியாக இல்லையா? இரண்டாவது, பைடெஸ்ட்டோடு வரும் 'மங்கிபேட்ச்' கொண்டு, அதேபோல் வரும் 'டிஎம்பி பாத்' தரும் தற்காலிகக் காலி டைரக்டரிக்கு மாறி, அங்கிருந்து அதே கோப்பைப் படிப்பது. என் கிரான் தவறை இது ஒரு நொடியில் பிடித்திருக்கும்.

மூன்றாவது சோதனை ஷெல் ஸ்கிரிப்ட்டின் வரி முடிவுகளுக்கு, அதில் ஒரு பொறி உண்டு. விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட்டின் வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸில் ஓட்டினால் 'பேட் இன்டர்ப்ரட்டர்' பிழை வரும், ஏனென்றால் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் நிரலான பாஷ் என்ற பெயரோடு அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் சேர்த்துத்தான் கெர்னல் தேடுகிறது. இதைச் சோதிக்க 'ரீட் டெக்ஸ்ட்' உதவாது. அது படிக்கும்போதே வரி முடிவுகளை மாற்றிவிடும், சோதனை பச்சையாகவே இருக்கும். 'ரீட் பைட்ஸ்' எடுத்துத் தேடுங்கள். அப்புறம், உள்ளடக்கத்தைப் படித்து வேறு இடத்தில் எழுதினால் எக்ஸிக்யூட் அனுமதி கூட வராது. அனுமதியை 755 (எல்லோரும் படிக்கலாம், ஓட்டலாம்; உரிமையாளர் மட்டும் மாற்றலாம்) என்று நீங்களே வைக்க வேண்டும்.

படி 5: இன்ஸ்டால் செய்தபின் சோதனை

பைதானின் இன்ஸ்டால் கருவியான பிப்பின் எடிட்டபிள் முறையில் இன்ஸ்டால் செய்தால் கோப்புகள் மூல ஃபோல்டரிலிருந்தே படிக்கப்படும். படி 3-ஐ மறந்தாலும் எல்லாச் சோதனையும் பாஸ் ஆகும். ஆகவே சிஐயில் (கோடு மாறும்போதெல்லாம் பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் அமைப்பில்) வீலை பில்ட் செய்து, புது வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (தனியாகப் பிரிந்த பைதான் சூழலில்) இன்ஸ்டால் செய்து, சோதனைகளை ஓட்டுங்கள். பேக்கேஜை 'எஸ்ஆர்சி' ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரெப்போவில் நின்று ஓட்டும்போது பைதான் இன்ஸ்டால் ஆனதை விட்டுவிட்டு பக்கத்தில் இருக்கும் மூலத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும்.