யெரெவானுக்குப் புதிதாக வருகிறீர்களா? உடை, இரவு, பெண்கள் பாதுகாப்பு பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆர்மீனியாவுக்கு வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. அடுத்த கேள்வி ஊரிலிருந்து அம்மாக்கள் கேட்பது: "பொண்ணு ராத்திரி வெளியே போயிட்டு வரலாமா?" யெரெவான் நகரின் நடுப்பகுதியைப் பொறுத்தவரை, தாராளமாகப் போகலாம். ஆனால் இந்தப் பதிலை மட்டும் நம்பி விமானம் ஏறிவிடக் கூடாது. இங்கே தெரு பாதுகாப்பானது. அதே சமயம், பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் ஊர் இன்னும் கண்டிப்பானது. ஊர் கண்டிப்பாக இருப்பதால்தான் தெரு பாதுகாப்பாக இருக்கிறது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். நம் ஆட்களும் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் இரவைப் பார்ப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் வெயிலில் ஊர் அடங்கிக் கிடக்கும், சாயங்காலம்தான் விழித்துக்கொள்ளும். குடியரசுச் சதுக்கத்தில் பாட்டுக்கு ஆடும் நீரூற்றைச் சுற்றி, கஸ்காத் படிக்கட்டுகளில், ஓபரா அருகிலுள்ள காபிக் கடைகளில் எல்லாம் நள்ளிரவை நெருங்கும்போதும் குடும்பங்கள் இருக்கும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் அம்மாக்கள், கைகோத்து நடக்கும் கல்லூரிப் பெண்கள், ஐஸ்கிரீம் சாப்பிடும் தாத்தா பாட்டிகள். நம் ஊரில் இரவு பதினொரு மணிக்குப் பெண்கள் இப்படி அலட்டிக்கொள்ளாமல் நடப்பதைப் பார்க்க முடியாது. வந்த புதிதில் இதைப் பார்த்து நம் பெண்கள் கண்கலங்குவதுகூட உண்டு.

சார்யான் தெருவில் வரிசையாக வைன் கடைகள். ஜூன் தொடக்கத்தில் அங்கேயே வைன் திருவிழாவும் நடக்கும். பார்ப்பெட்சி, புஷ்கின் தெருக்களில் மதுக்கூடங்களும் இசைக்கூடங்களும் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்து இளைஞர்கள் திரளாக வந்தார்கள். வீட்டு வாடகை எகிறியது, கூடவே இரவுக் கடைகளும் பெருகின. பெண்கள் தனியாகவோ தோழிகளோடோ உட்கார்ந்து ஒரு கோப்பை வைன் குடிப்பது நகர மையத்தில் இன்று சாதாரணம். முந்தின தலைமுறை அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. "ஊர் கெட்டுப்போச்சு" என்று டாக்சி ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். இந்த இடத்துக்காக நாங்கள் எவ்வளவு போராடினோம் தெரியுமா என்று உள்ளூர்த் தோழிகள் சொல்வதையும் கேட்பீர்கள்.

அந்தப் போராட்டம் கடுமையாகவே இருந்தது. 2012 மே மாதம் நகர மையத்தில் ஒரு சின்ன மதுக்கூடத்தின் மீது தீக்குண்டு வீசப்பட்டது. பெண்ணை நேசிக்கும் ஒரு பெண் அதை நடத்தினார் என்பதுதான் வீசியவர்களுக்கு ஆத்திரம். அதைவிட மோசம், அவர்களுக்கு ஆதரவாக நாடாளுமன்ற உறுப்பினர்களே பேசியது. உங்கள் தோழமை வட்டத்தில் தன்பாலீர்ப்பாளர்களோ திருநங்கையரோ இருந்தால், நகர மையத்துத் தெருவான வடக்கு அவென்யூவின் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து எல்லா இடமும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 2018 ஆகஸ்டில் தெற்கே ஷுர்னுக் கிராமத்தில் ஒரு வீட்டில் கூடியிருந்த செயற்பாட்டாளர்களை ஒரு கும்பல் துரத்தித் துரத்தி அடித்தது.

என்ன உடுத்துவது

யெரெவான் பெண்கள் கடைக்குப் போவதற்குக்கூட நன்றாக உடுத்திக்கொண்டுதான் போவார்கள். குட்டைப் பாவாடை, இறுக்கமான ஜீன்ஸ், குதிகால் செருப்பு, உதட்டுச்சாயம், எதையும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் சுடிதார் போட்டாலும் ஷார்ட்ஸ் போட்டாலும் மையத்தில் பிரச்சினை இல்லை. சேலை கட்டினால் பாட்டிகள் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இந்த உடைச் சுதந்திரத்தைப் பார்த்து மற்ற எல்லாவற்றிலும் அதே சுதந்திரம் இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. அரைக்கால் பாவாடை போட்ட அதே பெண் இரவு பத்தரைக்கு அண்ணனுக்குப் போன் செய்து எங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். திருமணத்துக்கு முன் தனி வீடு எடுத்துத் தங்குவது இங்கே பல குடும்பங்களில் இன்னும் பெரிய சண்டைக்குரிய விஷயம்.

தேவாலயத்துக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். பெண்கள் தலையில் துணி போடுவது வழக்கம். எச்மியாட்ஸின், கெகார்ட் போன்ற இடங்களில் நம் துப்பட்டாவே போதும். ஆண்கள் ஷார்ட்ஸைத் தவிர்ப்பது நல்லது. வெளியே வரும்போது பீடத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து வருவார்கள், பார்த்தால் வழிவிடுங்கள். கியூம்ரி, கோரிஸ் போன்ற ஊர்களிலும் கிராமங்களிலும் கண்ணோட்டம் இன்னும் பழையது. அங்கே பெண் தெருவில் சிகரெட் பிடித்தால் பத்து பேர் பார்ப்பார்கள்.

கோடையில் வர்தவார் என்றொரு பண்டிகை வரும். ஈஸ்டர் கழிந்து 14 வாரம் ஆன ஞாயிற்றுக்கிழமை. அன்று யார் வேண்டுமானாலும் யார் மேலும் வாளியோடு தண்ணீர் ஊற்றலாம். கேட்டுவிட்டெல்லாம் ஊற்ற மாட்டார்கள். கொண்டாட்டமான நாள், தவறவிடாதீர்கள். ஆனால் வெளிர்நிற, மெல்லிய துணி வேண்டாம். அடர்நிறத்தில் கொஞ்சம் கனமான துணியாகப் போட்டுக்கொண்டு, போனைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, தோழிகளோடு சேர்ந்தே போங்கள்.

முற்றத்துக் கண்கள்

யெரெவானில் பெரும்பாலும் சோவியத் காலத்து அடுக்குமாடிகள். நாலைந்து கட்டடங்களுக்கு நடுவே ஒரு பொது முற்றம் இருக்கும், 'பாக்' என்பார்கள். மதியம் பெஞ்சில் பாட்டிகள். மரத்தடியில் நார்டி என்ற பகடைப் பலகை ஆட்டம் ஆடும் தாத்தாக்கள், காய் விழும் சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கும். பொழுது சாய்ந்ததும் சுவரோரம் குந்தி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கும் பையன்கள். அவர்கள் காலடியில் கறுப்புத் தோல் குவிந்திருக்கும். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருடைய கார் கொண்டுவந்து விட்டது, கையில் என்ன பை, எல்லாம் இந்தக் கூட்டத்துக்குத் தெரியும்.

புதிதாக வரும் நம் பெண்கள் முதலில் பயப்படுவது இந்தப் பையன்களைப் பார்த்துத்தான். வெளியாள் ஒருவன் உங்களைப் பின்தொடர்ந்து முற்றத்துக்குள் வந்தால் முதலில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அதே பையன்கள்தான், உள்ளூர்ப் பெண் ஒருத்தி காதலனோடு வந்து இறங்கினால் அவள் அண்ணன் காதில் போடுபவர்களும். காவலும் வேவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. குடிவந்த முதல் நாளே பாட்டிகளிடம் நின்று "பாரெவ் ட்ஸெஸ்" என்று வணக்கம் சொல்லிவிடுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் மெட்ராஸ் என்றே சொல்லலாம். 1794இல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தாரார் வெளிவந்தது நம் மெட்ராஸில்தான். படித்தவர்கள் பலருக்கு அது தெரியும், முகம் மலர்ந்துவிடும். பிறகு உங்கள் திருமணம் பற்றிக் கேட்பார்கள். விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள்.

இந்தக் கண்காணிப்பின் கனம் முழுதாக விழுவது உள்ளூர்ப் பெண்கள் மேல். திருமணத்துக்கு மறுநாள், பெண் கன்னியாக இருந்தாள் என்பதற்கு அடையாளமாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து சிவப்பு ஆப்பிள் தட்டு போகும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. இதைச் சொல்லும்போது உங்கள் தோழிகளின் குரல் மாறும். "வெட்கக்கேடு" என்று பொருள்படும் 'ஆமோத்' என்ற சொல்லைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். இதுதான் எங்கள் பாரம்பரியம் என்று ஒரு தரப்பு சொல்லும். முதல் ஆர்மீனியக் குடியரசில் 1919 தேர்தலிலேயே பெண்கள் வாக்களித்து, மூன்று பெண்கள் நாடாளுமன்றம் போனார்களே, அது யாருடைய பாரம்பரியம் என்று மறுதரப்பு கேட்கும். நான் கேட்டவரை, இந்தக் கேள்விக்கு எந்த மாமனாரும் பதில் சொன்னதில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது

தெருவை விட வீட்டுக்குள்தான் பெண்களுக்கு ஆபத்து அதிகம். 2010இல் கணவனும் மாமியாரும் அடித்ததில் ஓர் இளம் தாய் இறந்தார். அதன் பிறகுதான் பெண்கள் அமைப்புகள் ஒன்றாகத் திரண்டன. அப்படியும் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வர 2017 டிசம்பர் ஆனது. ஐரோப்பா எங்கள் குடும்பங்களைப் பிரிக்கப் பார்க்கிறது என்று அப்போது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதனால் குடும்ப ஒற்றுமையை மீட்பது என்ற சொற்களைச் சட்டத்தின் பெயரிலேயே சேர்த்துத்தான் அதை நிறைவேற்ற முடிந்தது. 2018 ஜனவரியில், பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஐரோப்பிய ஒப்பந்தமான இஸ்தான்புல் உடன்படிக்கையில் ஆர்மீனியா கையெழுத்திட்டது, ஆனால் நாடாளுமன்றம் அதை இன்னும் ஏற்கவில்லை. 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவுத் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இப்போது பாதுகாப்பு உண்டு.

இது உள்ளூர் விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கணவரோடு வரும் தமிழ்ப் பெண்களே, இந்தச் சட்டம் உங்களுக்கும்தான். விசா கணவர் பெயரில் இருக்கிறது என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. யெரெவானில் பெண்கள் ஆதரவு மையம், பெண்கள் வள மையம் என்று இரண்டு அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. அவற்றின் எண்களை வருவதற்கு முன்பே தேடி, வேறு பெயரில் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பெண்களை இங்கே அதிகம் வாட்டுவது ஆர்மீனியர்கள் அல்ல, நம் ஆட்களே. கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் "அந்தப் பொண்ணு நேத்து எங்க இருந்தா தெரியுமா" என்று போட்டோ சுற்றும். அது சேலத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய்ச் சேர அரை மணி நேரம் போதும். இந்தப் பயத்தால், உண்மையிலேயே ஒருவன் தொல்லை கொடுக்கும்போதுகூடப் பெண்கள் வாயைத் திறப்பதில்லை. "நீ ஏன் அந்நேரத்துக்கு அங்க போன" என்ற கேள்விக்குப் பயந்தே பல புகார்கள் அமுங்கிப்போகின்றன. கண்டிப்பு பாதுகாப்பைத் தரவில்லை, புகாரைத்தான் அடக்கியிருக்கிறது. உங்களிடம் ஒரு தங்கை அழுதுகொண்டு வந்தால், எங்கே போனாய் என்று கேட்காதீர்கள். இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

தம்பிகளுக்கு

உடையைப் பார்த்து ஆளை எடை போடாதீர்கள். மையத்தில் பார்க்கும் பெண்களை அனுமதியில்லாமல் போட்டோ எடுக்காதீர்கள், ரீல்ஸ் போடாதீர்கள். தெரியாத பெண்களுக்கு இன்ஸ்டாகிராமில் மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பும் பழக்கத்தால் இந்தியர்கள் பெயர் ஏற்கெனவே கெட்டிருக்கிறது. வாடகைக்கு வீடு தேடும்போது அந்தக் கெட்ட பெயருக்கான விலையை எல்லோரும் கொடுக்கிறோம். ஒரு பெண் 'சே' என்றால் இல்லை என்று அர்த்தம், அதோடு விட்டுவிடுங்கள். விருந்தில் கோப்பைக்கு மேல் கோப்பை ஊற்றுவார்கள். வேண்டாம் என்றால் கோப்பையைக் காலி செய்யாமல் நிறைத்தே வைத்திருங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை.

இரவு வெளியே போகும்போது

மெட்ரோ இரவு 11 மணியோடு நின்றுவிடும். மாணவர்கள் அதிகம் தங்கும் ஸெய்த்துன் பக்கம் மெட்ரோவே இல்லை. அதனால் கடைசியில் டாக்சிதான். தெருவில் கை காட்டி ஏறாமல் யாண்டெக்ஸ் அல்லது ஜிஜி செயலியில் பதிவு செய்யுங்கள். வண்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஏறி, பயண இணைப்பைத் தோழிக்கு அனுப்பிவிடுங்கள். பெண்கள் பின்சீட்டில் உட்காருவதே இங்கு வழக்கம். முன்சீட்டில் உட்கார்ந்தால் சிலர் தவறாக எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுநர் ராஜ் கபூர், மிதுன் சக்கரவர்த்தி என்று ஆரம்பித்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்பதில் வந்து நிற்பார். பெரும்பாலும் அது வெறும் ஆர்வம். பேச்சு பிடிக்கவில்லை என்றால் போனைக் காதில் வைத்துக்கொண்டு தமிழில் பேசிக்கொண்டே வாருங்கள்.

நடந்து போகும்போது மெதுவாக ஒரு கார் கூடவே வந்து ஹாரன் அடிப்பது நடக்கும். பதில் சொல்லாமல் எதிர்த்திசையில் திரும்பி நடந்து, திறந்திருக்கும் கடைக்குள் போய்விடுங்கள். கடைக்கார அம்மாக்கள் கட்டாயம் உதவுவார்கள். தைரியமாகக் கத்தலாம், 'ஓக்னெக்' என்றால் உதவி கேட்பது என்று எல்லோருக்கும் புரியும். நகர ஓரங்களில் மனிதர்களை விடத் தெருநாய்க் கூட்டம்தான் தொல்லை. ஓடாமல் நில்லுங்கள்.

போலீஸ் 102, ஆம்புலன்ஸ் 103. 2021 முதல் ரோந்துப் போலீஸ் வந்திருக்கிறது. அவர்களிடம் போவது பழைய காவல் நிலையங்களை விட எளிது. புகார் கொடுக்க ஆர்மீனிய மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தாக்குதல் நடந்திருந்தால் குளிப்பதற்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். இந்தியத் தூதரகம் யெரெவானிலேயே இருக்கிறது. வந்த வாரத்திலேயே அங்கே உங்கள் விவரத்தைப் பதிந்துவிடுங்கள். வீட்டு முகவரியை ஆர்மீனிய எழுத்தில் எழுதி வாங்கி, போனின் முகப்புப் படமாகவே வைத்துவிடுங்கள்.