‘சின்ஸ்’ எங்கே வரும், ‘ஃபார்’ எங்கே வரும்?

குன்னூர் ரயில் நிலையத்தில் நீராவி என்ஜினைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பயணி ஒருவர், இந்த ரயில் எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மாலை வகுப்புக்கு வரும் டாக்ஸி ஓட்டுநர் தம்பி, ‘இட் இஸ் ரன்னிங் சின்ஸ் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’ என்று பதில் சொன்னார். பயணிக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அந்தச் சிறு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. நீலகிரியில் தங்கும் விடுதியிலும் கடையிலும் வண்டியிலும் நாள்தோறும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இவற்றைத் திருத்திக்கொள்ளத் தமிழே துணை செய்யும்.

முதல் படியாக, சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘திங்கட்கிழமையிலிருந்து மழை பெய்கிறது’ என்றால் திங்கட்கிழமை தொடங்கிய நாள். எனவே ‘சின்ஸ் மண்டே’. ‘மூன்று நாளாக மழை பெய்கிறது’ என்றால் மூன்று நாள் என்பது கால அளவு. எனவே ‘ஃபார் த்ரீ டேஸ்’. பேச்சில் ‘ரெண்டு நாள்ல இருந்து காய்ச்சல்’ என்றும் சொல்கிறோம் என்பதால், ‘இருந்து’ என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. நாள்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய தொடக்கம் என்றால் சின்ஸ். இத்தனை நாள், இத்தனை வருடம் என்று எண்ணிச் சொல்வது என்றால் ஃபார்.

இரண்டாம் படி வினைச்சொல். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். தமிழில் ‘2019 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொன்னாலே போதும். ஆங்கிலத்திலோ, முன்பு தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ பொருந்தாது. ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ என்றே சொல்ல வேண்டும். ஐ, யூ, வீ, தே ஆகியவற்றுக்கு ஹேவ் பீன்; ஹீ, ஷீ, இட் ஆகியவற்றுக்கு ஹேஸ் பீன். ஒருவரை அறிந்திருப்பது போன்ற நிலையைச் சொல்லும்போது ‘இங்’ சேர்க்காமல், ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ என்பார்கள்.

இனி அந்தப் பயணியின் கேள்விக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899 இல் ஓடத் தொடங்கியது. ஊட்டி வரை பாதை நீண்டது 1908 இல். ஆகவே ‘தி டிரெய்ன் ஹேஸ் பீன் ரன்னிங் டு ஊட்டி சின்ஸ் 1908’ என்றோ, ‘ஃபார் மோர் தேன் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’ என்றோ சொல்லலாம். யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையையும் சேர்க்க விரும்பினால், ‘இட் ஹேஸ் பீன் எ வேர்ல்டு ஹெரிடேஜ் சைட் சின்ஸ் 2005’ என்று முடிக்கலாம்.

மூன்றாம் படியாக, சின்ஸுக்குப் பின் ஒரு நிகழ்ச்சியே வரலாம். ‘நான் குன்னூருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது’ என்பது ‘இட் இஸ் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ் ஐ கேம் டு குன்னூர்’ ஆகும். வருடக் கணக்கு இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். சின்ஸ் ஒட்டியிருப்பது ஐந்து வருடத்தோடு அல்ல, நீங்கள் வந்த அந்த நாளோடு.

‘என்பதால்’ என்று காரணம் சொல்லவும் இதே சொல் உதவும். பெருமழையில் பாதையில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டால், காத்திருக்கும் பயணியிடம் ‘சின்ஸ் தேர் இஸ் எ லேண்ட்ஸ்லைடு, தி டிரெய்ன் இஸ் கேன்சல்டு’ என்று சொல்லுங்கள்.