மஞ்சள் பலகையை வாசிக்கப் பழகுவோம்: சுவிஸில் மலைநடைக்குப் புதியவர்களுக்கு

மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. வருடாந்தச் சுற்றுலா, ‘ஷூல்ரைஸெ’. கொண்டுவர வேண்டியவை: மலைச் சப்பாத்து, மழை ஜக்கெற், தண்ணீர்ப் போத்தல், முதுகுப்பை. மலைச் சப்பாத்து என்றதைச் சும்மா பேச்சுக்கு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஓடுகிற சப்பாத்தோடு பிள்ளையை அனுப்பிவிட்டேன். பின்னேரம் கணுக்கால் வரைக்கும் சேறும், கறுத்துப்போன பெருவிரல் நகமுமாக வந்து நின்றாள்.

பேர்ணுக்கு வந்து பதினொரு வருடமாகியும் ரயில் யன்னலுக்கு வெளியே தெரிகிற ஒரு படமாகத்தான் மலை எனக்கு இருந்தது. இங்குள்ள நம் ஆட்களில் பலருக்கும் அப்படித்தான். ஊரில் இருந்து யாராவது வந்தால் கேபிள் காரில் கூட்டிக்கொண்டு போய், பனியைக் காட்டி, படம் எடுத்து, இறக்கிக்கொண்டு வருவோம். நடக்கப் பழகியது அந்த நகத்துக்குப் பிறகு. நான் பழகிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

படி 1: பலகையை வாசிப்பது

சுவிஸில் அடையாளமிட்ட நடைபாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர். பூமியை ஒன்றரைச் சுற்றுச் சுற்றலாம். இவ்வளவு பாதையும் நாடு முழுக்க ஒரே மாதிரிப் பலகையோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. 1930களில் கார்கள் பெருகி நடப்பவர்களைத் தெருவில் இருந்து ஒதுக்கத் தொடங்கியபோது, யோஹான் யாகோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியரும் சிலரும் சேர்ந்து 1934இல் நடைபாதைகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். மஞ்சள் பலகை அங்கிருந்து வந்ததுதான். 1979இல் மக்கள் வாக்களித்து நடைபாதையை அரசியலமைப்பிலேயே ஏற்றிவிட்டார்கள். 1987இல் இருந்து நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, ஒரு பாதையை எடுத்துவிட்டால் மாற்றுப் பாதை கொடுக்க வேண்டும்.

இனி பலகைக்கு முன்னால் போய் நில்லுங்கள். முதலில் நிறம்.

முழு மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. தனித் திறமை எதுவும் தேவையில்லை. ஆனால் மஞ்சள் என்றால் சமதரை என்று எண்ணிவிடாதீர்கள், மூச்சு வாங்கும் ஏற்றங்கள் மஞ்சளிலும் உண்டு. மஞ்சள் பலகையின் முனை வெள்ளை-சிவப்பு-வெள்ளையாக இருந்தால் அது மலைப்பாதை. ஒடுக்கமாக, செங்குத்தாக இருக்கும். சில இடங்களில் ஒரு பக்கம் வெறும் பள்ளம், பிடித்து நடக்கச் சங்கிலியோ கயிறோ கட்டியிருப்பார்கள். தலைசுற்றுபவர்களுக்கு இது சரிவராது. பலகையே நீலமாக, முனை வெள்ளை-நீலம்-வெள்ளையாக இருந்தால் திரும்பி நடவுங்கள். அங்கே பனி மூடிய வெளியும் பாறை ஏற்றமும் வரும், கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படலாம். இந்தப் பதிவு அந்தப் பாதைக்கானது அல்ல.

அடுத்து எழுத்து. கம்பத்தில் இருக்கும் சிறிய வெள்ளைத் தகட்டில் நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும் இருக்கும். அதை ஒருக்கா போனில் படம் எடுத்துவிடுங்கள். வழி தவறி யாருக்காவது சொல்லவேண்டி வந்தால் அந்தப் பெயர்தான் உதவும். அம்புப் பலகைகளில் ஊர்ப் பெயரும் அதற்கெதிரே நேரமும் இருக்கும், தூரம் இருக்காது. நீங்கள் பின்தொடரும் பெயர், அந்த இடம் போய்ச் சேரும்வரை அடுத்தடுத்த பலகைகளிலும் வந்துகொண்டே இருக்கும். வராவிட்டால் எங்கோ பிழையாகத் திரும்பிவிட்டீர்கள். இடையிடையே மரத்திலும் மதிலிலும் மஞ்சள் சாய்சதுரம் தீட்டியிருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் முதலில் ஏமாந்தேன். “1 மணி 20 நிமிடம்” என்று போட்டிருந்த பாதையில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தோம். “அப்பா, அது நிக்காமல் நடக்கிற ஆக்களுக்கு. நீங்கள் படம் எடுக்கிற நேரமும் வடை சாப்பிடுற நேரமும் அதுக்குள்ள இல்லை” என்றாள் மகள். வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்ற கணக்கில், ஓய்வு எதையும் சேர்க்காமல் எழுதிய நேரம் அது. தொடக்கத்தில் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: தூரத்தை விட்டு உயரத்தைக் கணக்கிடுவது

“ஆறு கிலோமீற்றர்தானே, கடைக்குப் போய் வருகிற தூரம்” என்று யாராவது சொன்னால், எத்தனை மீற்றர் ஏற்றம் என்று கேளுங்கள். இங்குள்ளவர்கள் போடுகிற கணக்கு சுலபமானது. ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீற்றராக எண்ணித் தூரத்தோடு கூட்ட வேண்டும். 6 கிலோமீற்றர் தூரம், 500 மீற்றர் ஏற்றம் என்றால் 11. மணிக்கு 4 என்று வகுத்தால் இரண்டே முக்கால் மணி நேரம். இது ஓரளவு பழகியவரின் கணக்கு.

இறக்கம் சும்மா வரும் என்று நினைப்பதுதான் அடுத்த பிழை. ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். நின்றால் திரும்ப வந்துவிடும். இறக்கம் முழங்காலை வாங்கும், அது திரும்ப வர நான்கு நாளாகும். கேபிள் காரில் ஏறி நடந்து இறங்கலாம் என்று புதியவர்கள் போடும் திட்டம் ஆகவே தலைகீழானது. நடந்து ஏறி, வண்டியில் இறங்குங்கள்.

படி 3: முதல் நடைக்கு வீட்டுப் பக்கத்து மேடு

பெயர்பெற்ற மலைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பேர்ணில் இருப்பவர்களுக்கு குர்ட்டன் இருக்கிறது. உச்சி 858 மீற்றர். டிராமில் வாபர்ன் வரை போய், அங்கிருந்து மஞ்சள் பலகையைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் ஏறினால், கிட்டத்தட்ட 270 மீற்றர் ஏற்றத்தில் புல்வெளி வந்துவிடும். மறுபக்கம் வானம் தெளிவாக இருந்தால் பேர்ணின் பனிமலைகள் வரிசையாகத் தெரியும். முழங்கால் முறையிட்டால் 1899இல் இருந்து ஓடுகிற மலை ரயில் கீழே கொண்டுவந்து விடும். இதே மேட்டில் மூன்று நான்கு முறை ஏறி, உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலகை ஒரு மணி நேரம் என்றால் உங்களுக்கு எவ்வளவு என்பது பிடிபட்டுவிட்டால், நாட்டின் எந்தப் பலகையும் உங்கள் மொழியில் பேசும்.

வேறு நகரங்களில் இருப்பவர்களுக்கும் இப்படி ஒரு வீட்டு மேடு கட்டாயம் இருக்கும். சூரிச் ஆட்களுக்கு ஊட்லிபெர்க்.

படி 4: கால், முதுகு, சாப்பாடு

காசு செலவழிக்க வேண்டிய பொருள் சப்பாத்து ஒன்றுதான். அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் இருக்க வேண்டும். பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அந்த நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். தடித்த காலுறையோடு போட்டு, கடையில் இருக்கும் சாய்பலகையில் கீழ்நோக்கி நடந்து பாருங்கள். விரல் முன்னால் முட்டினால் அரை அளவு பெரிதாக எடுங்கள். மகளின் நகம் கறுத்தது இறக்கத்தில் விரல் முட்டித்தான்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, கனக்கும், குளிரும். 1,000 மீற்றர் மேலே போனால் வெப்பநிலை ஆறு பாகையளவு குறையும். கீழே பேர்ணில் வேர்த்துக்கொண்டு வெளிக்கிட்டாலும் மேலே காற்றில் நடுங்குவீர்கள். மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றுவதே வசதி. இறங்கும்போது ஊன்ற இரண்டு கைத்தடி இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும்.

சாப்பாட்டை நம் விருப்பப்படி கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் சீனிச்சம்பல் பூசிய பாணும் கட்லற்றும். குழம்பு மட்டும் வேண்டாம், என் முதுகுப்பையில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது. சுவிஸ்காரர் செர்வெலா என்ற தடித்த சொசேஜை இரு முனையிலும் குறுக்காகக் கீறி, குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுவார்கள். வெந்ததும் முனைகள் பூப்போல விரியும். அதற்கென்றே பல பாதையோரங்களில் கல் அடுக்கிய நெருப்பிடங்கள் இருக்கின்றன, சில இடங்களில் விறகும் வெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். மரக்கறிக்காரர் சோளப்பொத்தி சுடலாம். ஊர்களில் இருக்கும் நீரூற்றுத் தொட்டிகளில் போத்தலை நிரப்பலாம். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

படி 5: வானமும் கடைசி வண்டியும்

முதல்நாள் இரவும் வெளிக்கிடும் காலையும் மெட்டியோஸ்விஸ் என்ற வானிலைச் செயலியைப் பாருங்கள். கோடையில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம்தான் கட்டும், ஆகவே காலை வேளையே மலைக்கு உரிய வேளை. ஜூனிலும் நிழல் விழும் சரிவுகளில் பழைய பனி கிடக்கும். ஸ்விஸ்டோப்போ செயலியில் நடைபாதைகளும் மூடப்பட்ட இடங்களும் தெரியும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதையின் குறுக்கே ‘கெஷ்பெர்ட்’ என்று பலகை நின்றால் பாதை பூட்டியிருக்கிறது. கல் விழுந்திருக்கலாம், பாலம் போயிருக்கலாம். எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போகவேண்டாம்.

ஜெர்மன் தெரியாவிட்டாலும் மனப்பாடம் செய்யவேண்டிய இன்னொரு சொல் ‘லெட்ஸ்டெ தால்ஃபார்ட்’: கீழே இறங்கும் கடைசி வண்டி. ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை அது ஐந்து மணிக்கு என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. ஜூலையில் வந்தபோது ஆறு மணிவரை ஓடியது என்ற நினைப்பில் மேலே கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு 900 மீற்றர் இறக்கத்தை மனைவியோடு நடந்து இறங்கினேன், கடைசி முக்கால் மணி நேரம் போன் வெளிச்சத்தில். ஒருவரோடொருவர் கதைக்கவே இல்லை. அதன்பிறகு முதுகுப்பையில் ஒரு தலைவிளக்கு நிரந்தரமாகக் கிடக்கிறது.

படி 6: மனிதரும் மாடும்

டிராமில் பக்கத்தில் இருந்தும் முகம் பார்க்காத அதே மனிதர், காட்டுப்பாதையில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். பேர்ணில் ‘க்ரூஎஸ்ஸெக்’, சூரிச் பக்கம் ‘க்ரூயெட்ஸி’, பிரெஞ்சுப் பகுதியில் ‘பொன்ஜூர்’, இத்தாலிய மொழி பேசும் டிச்சினோவில் ‘புவொன் ஜோர்னோ’. நீங்களே முந்திச் சொல்லுங்கள். ஒடுங்கிய பாதையில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் ஒதுங்கி நிற்பது வழக்கம். வளைவுகளில் குறுக்கே வெட்டி இறங்கவேண்டாம். மண் அரிக்கும், கீழே வருபவர் தலையில் கல் விழும்.

பாதை பல இடங்களில் மேய்ச்சல் நிலத்தின் நடுவாகவே போகும். வேலிக் கம்பியில் மின்சாரம் ஓடும். பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, கடந்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள். கன்றோடு நிற்கும் தாய்ப்பசுவிடம் நம் ஊர்ப் பழக்கத்தில் போய்த் தடவிக் கொடுக்கவேண்டாம். தூரமாகச் சுற்றிப் போங்கள், கன்றைத் தொடவே கூடாது. நாயைக் கண்டால்தான் பசுவுக்கு அதிகம் கோபம் வரும். நாயோடு போனால் வாரில் பிடித்திருங்கள், பசு பாய்ந்து வந்தால் வாரை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிவிடும்.

படி 7: அவசரம் என்றால்

எண் 1414. இது 1952இல் தொடங்கிய ரேகா என்னும் வான்வழி மீட்புச் சேவை (யாரோ ஓர் அக்காவின் பெயர் போல இருப்பதால் மறக்காது). அவர்களுடைய செயலி நீங்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும். ஹெலிகொப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்து Y எழுத்துப்போல் நின்றால் “உதவி வேண்டும்” என்று பொருள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே சரிந்திருந்தால் “வேண்டாம்”. இது தெரியாமல் ஹெலிகொப்டருக்குச் சந்தோஷமாக இரு கையும் ஆட்டாதீர்கள். போன் எடுபடாத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ வெளிச்சமோ கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்பவும் கொடுக்க வேண்டும்.

படி 8: இனி உயரத்துக்கு

குர்ட்டன் அலுத்துவிட்டதா? அப்படியென்றால் மென்லிஹன் மலை. லவுட்டர்புருன்னன் வரை ரயில், அங்கிருந்து மலை ரயிலில் கார் ஓடாத வெங்கன் கிராமம், பிறகு கேபிள் கார். பாதிக் கட்டணத்துக்கான ஹால்ப்டாக்ஸ் அட்டையைக் கட்டாயம் கொண்டு போங்கள். மேலே 2,200 மீற்றருக்கு மேல் நிற்பீர்கள். அங்கிருந்து 2,061 மீற்றரில் உள்ள க்ளைனெ ஷைடெக் வரை மெல்ல இறங்கும் பாதை, சுமார் 4.5 கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம். நம் கணக்கில் இரண்டேகால். சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் நிறைய இருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் ஐகரின் வடக்குச் சுவர் முன்னால் எழும்பி நிற்கும். 3,967 மீற்றர் மலை. அந்தச் சுவரில் மனிதர் முதலில் ஏறி முடித்தது 1938இல்தான். அடிவாரத்துப் புல்லில் இருந்து மாட்டு மணியும், சற்று நேரத்துக்கு ஒருமுறை எங்கோ பனி சரியும் உறுமலும் கேட்கும். ஆகாயத்தைப் பார்த்தால் மேகம் இருக்காது, இடி என்று பயப்படவேண்டாம். முடியும் இடத்தில் ரயில் நிலையம் இருக்கிறது, நடந்து இறங்கும் எண்ணமே வேண்டாம்.

அதன்பிறகு ஓர் இரவு மேலே தங்க ஆசை வரும். 1863இல் தொடங்கிய சுவிஸ் மலையேற்றச் சங்கத்துக்கு 150 அளவில் குடில்கள் உண்டு. முன்கூட்டியே பதிந்து, வர முடியாவிட்டால் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். சப்பாத்தை வாசலில் கழற்றி, அங்கே இருக்கும் செருப்பைப் போட்டு, மெல்லிய துணியில் தைத்த உறக்கப் பையை நீங்களே கொண்டு போக வேண்டும். ஒரே அறையில் பலர் வரிசையாகப் படுப்பதால் காதடைப்பானும் எடுங்கள். எங்கள் வீட்டில் குறட்டை விடுபவர் யார் என்பது அங்கேதான் முழு அறைக்கும் தெரியவந்தது.