ஆறு ஓவர் டோர்னமென்ட்: முதன்முதலாக டீம் இறக்குகிறவர்களுக்கு

ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடி என்று சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஞாயிற்றுக்கிழமையில் டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச் நடக்கிற கிரவுண்ட் ஒன்றாவது கண்ணில் படும். ஆறு ஓவர் மேட்ச் முடிய சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஃபைனல் வரை போகிற டீம் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயே கிடக்க வேண்டும். ஆடும் நேரம் கொஞ்சம், காத்திருக்கும் நேரம்தான் அதிகம். புது டீம்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அந்தக் காத்திருப்பில்தான். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி, பேர் கொடுக்கும்போதே விதிகளைக் கேட்டு எழுதிக்கொள்வது. ஊருக்கு ஊர் மாறும். எல்.பி.டபிள்யூ. உண்டா, நோ பாலுக்கு ஃப்ரீ ஹிட் உண்டா, ஸ்கோர் சமமானால் என்ன, மழை வந்தால் என்ன, வெளியூர் ஆட்களைச் சேர்க்கலாமா. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருவர் எத்தனை ஓவர் போடலாம் என்பது. ஒருவருக்கு மட்டும் 2, மற்றவர்களுக்குத் தலா 1 என்றால் ஐந்து பவுலர் வேண்டும். ஆளுக்கு 2 என்றால் மூன்று பேர் போதும். உங்கள் டீமே இதை வைத்துத்தான் அமையும்.

இரண்டாவது, ஆட்களைச் சேர்ப்பது. பதினொரு பேரோடு போகாதீர்கள், பதின்மூன்று பேராவது வேண்டும். வெயிலில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், இன்னொருவரை வீட்டிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். ஆடாத தம்பிகளில் ஒருவனிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுங்கள். எதிர் டீமில் யார் எந்தப் பக்கம் தூக்குகிறார் என்பதையும் அவன் குறிக்கட்டும்.

மூன்றாவது, காலையில் சீக்கிரம் போய்ச் சேருவது. போனதும் கிரவுண்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்தப் பக்கம் பவுண்டரி குட்டை, எங்கே மேடு பள்ளம், காற்று எந்தப் பக்கம். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது, கிரிக்கெட் பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம். அதனால் எதிர்க்காற்றில் தூக்கினால் பந்து பாதி வழியிலேயே உயிர்விட்டுக் கேட்ச் ஆகிவிடும். பனிக்காலத்தில் முதல் மேட்ச் என்றால் டாஸ் ஜெயித்துப் பந்து வீசுங்கள். ஈரப் புல்லில் தரையோடு அடித்த பந்து ஓடாது.

இனி ஆட்டம். பேட்டிங்கில் ஒரே கணக்குதான். 36 பந்துக்கு 10 விக்கெட் கையில் இருக்கிறது. ஆகவே விக்கெட் போவதைவிடப் பந்து வீணாவதுதான் பெரிய நஷ்டம். இரண்டு பந்தைச் சும்மா விட்டால் மூன்றாவதை அடித்தே தீர வேண்டும். பந்து லேசானது என்பதால் தூரத்திலிருந்து வரும் த்ரோவிலும் வேகம் இருக்காது, டீப்பில், அதாவது பவுண்டரிப் பக்கம், பந்து போனால் இரண்டாவது ரன்னுக்குத் துணிந்து ஓடலாம்.

பந்து வீசுவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசை. டென்னிஸ் பந்தைக் குட்டையாகப் போட்டால் எழும்பி இடுப்புக்கு வரும், அடிப்பவருக்கு அதைவிட வசதி வேறு இல்லை. காலடியில் விழுந்தால் பேட்டை அடியில் கொடுத்துத் தூக்க முடியாது. நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பால் மேட்ச்களில் ஆடி வளர்ந்தவர், அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் இப்படிக் காலடியில் விழும் யார்க்கர்தான். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒரு நாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் மேட்ச் ஆடினார். பழக ஒரு வழி இருக்கிறது. பேட்ஸ்மேன் நிற்கும் கிரீஸில் ஒரு ஜோடி செருப்பை வைத்து அதன் மேல் போட்டுப் பாருங்கள். வேகம் அப்புறம் வரட்டும். வைடு மட்டும் வேண்டாம். ஒரு ரன்னும் போய் ஒரு பந்தும் கூடும்.

கேட்ச் பிடிக்கும்போது கையை விறைப்பாக வைத்தால் பந்து துள்ளி வெளியே போய்விடும். இரண்டு கையாலும் வாங்கி, உடம்போடு சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படிதான் நான் முக்கியமாக நினைப்பது: ஜெயித்தபின் காத்திருப்பது. காலை மேட்ச் முடிந்து அடுத்தது மதியத்துக்கு மேல்தான் என்பார்கள். ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலில் அந்த நேரத்தை நின்றே கழித்தால் செமி ஃபைனலில் யாருக்கும் கால் ஓடாது. வந்ததுமே ஒரு புளியமரமோ வேப்பமரமோ பார்த்து இடம் பிடியுங்கள், இல்லாவிட்டால் தார்ப்பாய் கட்டுங்கள். தண்ணீர் கேன் இரண்டு, உப்புப் போட்ட மோர் ஒரு தூக்கு. காலையில் இட்லி, நடுவில் வாழைப்பழம், மதியம் அளவாகத் தயிர் சோறு. தட்டுவடை செட் ஒன்று இரண்டு கடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் யாராவது பாசத்தோடு பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தால், “அண்ணா, மேட்ச் முடியட்டும்” என்று சொல்லி வண்டியில் வைத்துவிடுங்கள். பவுலர்களைப் படுக்க வையுங்கள். பக்கத்தில் சும்மா பந்து எறிந்து விளையாடத் தோன்றும், கேப்டன்தான் தடுக்க வேண்டும். உங்கள் மேட்சுக்கு முந்தைய மேட்சின் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் எல்லோரையும் எழுப்பி, மெதுவாக ஓடவிட்டு, நாலு கேட்ச் கொடுங்கள்.

கோடையில் இன்னொன்றும் பாருங்கள். மதியம் தாண்டிச் சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்தால் சாயங்காலம் இடியோடு மழை இறங்க வாய்ப்புண்டு. அப்போது ஆட்டத்தை நாலு ஓவராகக் குறைக்கலாம். ஓவர் குறைந்தால் யார் போடுவது, யார் முதலில் இறங்குவது என்று முன்பே பேசி வைத்திருங்கள்.

ஃபைனலுக்குப் புதுப் பந்து கொடுத்தால் அது காலையில் ஆடியதைவிட நன்றாக எழும்பும். முதல் ஓவரை வேகமானவரிடம் கொடுக்க எல்லோரும் சொல்வார்கள். காலடியில் குறி தவறாமல் போடுகிறவர் யாரோ, அவரிடம் கொடுங்கள்.