சார்ஜரைச் செருகினால் ரீடிங் ஆடுகிறதா? சீரியல் இணைப்பை ஐசோலேட் செய்யும் முறை

மீன் தொட்டிக்கு ஒரு பிஹெச் (நீரின் அமில, காரத் தன்மை) மீட்டர் கட்டினேன். ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, நீரில் முக்கும் ப்ரோப், அதற்கான சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு, லேப்டாப்பில் ஒரு கிராஃப், அவ்வளவுதான். லேப்டாப் பேட்டரியில் ஓடும்வரை 7.1 என்று அசையாமல் நின்றது. சார்ஜரைச் செருகியதும் 6.3, 7.8, 6.9 என்று குதித்தது. சார்ஜரைப் பிடுங்கினால் மறுபடியும் 7.1. தப்பு ப்ரோகிராம் கோடில்தான் என்று நினைத்து மூன்று நாள் ஆவரேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். கோடில் ஒன்றும் இல்லை.

பிஹெச் ப்ரோப் 25 டிகிரியில் ஒரு பிஹெச்சுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட்தான் தரும். அதாவது 6 மில்லிவோல்ட் எங்கிருந்தாவது நுழைந்தாலே 0.1 பிஹெச் போய்விட்டது. தொட்டிக்குள் பம்பும் ஹீட்டரும் 230 வோல்ட்டில் ஓடுகின்றன. அவற்றிலிருந்து துளி மின்சாரம் நீரில் கசிந்துகொண்டே இருக்கும். லேப்டாப் பேட்டரியில் இருக்கும்போது அது போவதற்கு வழி இல்லை. மூன்று பின் சார்ஜர் செருகினால் லேப்டாப்பின் கிரவுண்ட் வீட்டு எர்த்தோடு சேர்ந்துவிடும். நீர், ப்ரோப், ஆர்டுயினோ, யூஎஸ்பி கேபிள், எர்த் என்று ஒரு முழுச் சுற்று கிடைக்கிறது. இரண்டு பின் சார்ஜரும் யோக்கியமில்லை. உள்ளே மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளிப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. உலோக உடம்பு லேப்டாப்பைத் தடவினால் விர்ரென்று இருக்குமே, அதுவேதான்.

ஆக, ஆர்டுயினோவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே உள்ள சீரியல் இணைப்பில் (பிட் பிட்டாக டேட்டா அனுப்பும் வழி) டேட்டா போகட்டும், கரண்ட் போகக்கூடாது. ஐசோலேட் செய்வது என்றால் இதுதான். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1983இல் வந்த மிடி என்ற இசைக்கருவி இணைப்பிலேயே கீபோர்டுக்கும் சிந்தசைஸருக்கும் நடுவே ஆப்டோகப்ளர் (உள்ளிருக்கும் எல்இடியின் ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் ஐசி) வைத்திருந்தார்கள், ஸ்பீக்கரில் ஹம் வரக்கூடாது என்று.

எதை வாங்குவது

நான் சொல்வது ஏடியூஎம் 1201 என்ற ஐசோலேட்டர். எட்டுக் கால் ஐசி, ஒரு சேனல் போக, ஒரு சேனல் வர. சீரியலுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. 2.7 முதல் 5.5 வோல்ட் வரை இரு பக்கமும் தனித்தனியாக ஓடும். அதனால் ஒரு பக்கம் 3.3, மறுபக்கம் 5 என்றாலும் லெவல் ஷிஃப்டர் (சிக்னலின் வோல்டேஜை மாற்றும் சர்க்யூட்) வேண்டாம். மாட்யூலாகவே கிடைக்கிறது. கடையில் 1200ஐக் கையில் திணித்தால் திருப்பிக் கொடுங்கள். அதில் இரண்டு சேனலும் ஒரே திசையில் போகும்.

"ஆப்டோகப்ளர் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்றால், நானும் அப்படித்தான் பிசி 817 என்ற ஆப்டோகப்ளரில் தொடங்கினேன். 115200 பாடில் (விநாடிக்கு அத்தனை பிட்) ஒரு பிட் 8.7 மைக்ரோ விநாடிதான். பிசி 817 அணைவதற்குள் அடுத்த பிட் வந்து போய்விடும். 9600க்கு இறக்கியும் 10 கிலோஓம் புல்அப்போடு (வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) எழுத்துகள் மாறி மாறி வந்தன. புல்அப்பை 1 கிலோஓம் ஆக்கியதும் சரியானது. 9600 போதும் என்றால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் எல்இடியை டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னிலிருந்து கிரவுண்டுக்குக் கட்டாதீர்கள். 5 வோல்ட்டிலிருந்து 470 ஓம் வழியாக எல்இடி, அங்கிருந்து டிஎக்ஸ் பின். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது மேலேதான் நிற்கும். இப்படிக் கட்டினால்தான் அப்போது எல்இடி அணைந்திருக்கும், மறுபக்கத்தில் சிக்னலும் தலைகீழாகாமல் வரும்.

ஆர்டுயினோவில் ப்ரோ மினி எடுங்கள். நானோ, ஊனோ இரண்டிலும் யூஎஸ்பி சிப் போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கேபிளைச் செருகினாலே கிரவுண்ட் சேர்ந்துவிடும், பிரிப்பதற்கு இடமே இல்லை. ப்ரோ மினியோடு தனியாக ஒரு யூஎஸ்பி டு டிடிஎல் கன்வெர்ட்டர் (யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் போர்டு) வாங்கிக்கொள்ளுங்கள்.

வயரிங்

ஐசியின் 1 முதல் 4 வரையுள்ள கால்கள் லேப்டாப் பக்கம், 5 முதல் 8 வரை ஆர்டுயினோ பக்கம்.

லேப்டாப் பக்கம்: கால் 1க்கு கன்வெர்ட்டரின் 5 வோல்ட், கால் 4க்கு அதன் கிரவுண்ட், கால் 3க்கு அதன் டிஎக்ஸ், கால் 2க்கு அதன் ஆர்எக்ஸ் (பெறும் பின்).

ஆர்டுயினோ பக்கம்: கால் 8க்கு 5 வோல்ட், கால் 5க்கு கிரவுண்ட், கால் 6க்கு ஆர்டுயினோவின் ஆர்எக்ஸ், கால் 7க்கு டிஎக்ஸ்.

1க்கும் 4க்கும் நடுவே ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டர், 8க்கும் 5க்கும் நடுவே இன்னொன்று. ஐசியை ஒட்டியே இருக்கட்டும்.

ஆர்டுயினோவைச் சேர்க்கும் முன் 6, 7 இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்து, இரு பக்கமும் சப்ளை கொடுத்து, சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் ஐசி வேலை செய்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

எல்லாம் கட்டியாயிற்று. டேட்டா வருகிறது. சார்ஜரைச் செருகினேன். 6.4, 7.7, 6.8. அதே ஆட்டம்.

ஐசி போலி என்று நினைத்து இன்னொன்று வாங்கி மாட்டினேன். அதே கதை. இரண்டாம் நாள் ராத்திரி, லேப்டாப்பைக் கழற்றி சப்ளை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் (இரு முனையும் இணைந்திருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து ஒரு முனையைக் கால் 4இலும் மறு முனையைக் கால் 5இலும் வைத்தேன். பீப்.

சாலிடர் இல்லாமல் ஒயர் செருகிக் கட்டும் பிரெட்போர்டின் இரு ஓரத்திலும் நீலக்கோடு போட்ட வரிசை இருக்கும் அல்லவா? புது போர்டைப் பிரித்ததும் அந்த இரண்டையும் ஒரு கறுப்பு ஒயரால் சேர்த்துவிடுவது என் பழக்கம். கை தானாகச் செய்துவிடும். பள்ளத்தின் இரு புறமும் ஐசியின் கால்களை அழகாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டு, நாலு அங்குலம் தள்ளி நானே இரண்டு கிரவுண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

அதனால் விதி இதுதான்: சப்ளை கொடுக்கும் முன் கால் 4, 5 நடுவே பீப் வரக்கூடாது. கால் 1, 8 நடுவேயும் வரக்கூடாது. ஆர்டுயினோவுக்கு 5 வோல்ட்டை கன்வெர்ட்டரிலிருந்து எடுத்தாலும் இதே கதிதான், கிரவுண்டும் கூடவே வந்துவிடும்.

அப்படியானால் ஆர்டுயினோவுக்கு சப்ளை?

பலரும் சொல்வது பி0505எஸ் என்ற சின்னக் கறுப்பு டிசி டு டிசி கட்டை. யூஎஸ்பியின் 5 வோல்ட்டை வாங்கி, பிரிக்கப்பட்ட 5 வோல்ட்டாகத் தரும். எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஸ்விட்சிங் நடப்பதால் வெளிவரும் 5 வோல்ட்டில் சிற்றலை இருக்கும், உள்ளிருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் கொஞ்சம் இரைச்சல் தாண்டும். அதோடு ரெகுலேஷன் கிடையாது. லோடு பத்து சதவீதத்துக்கும் கீழே போனால் வோல்டேஜ் ஏறிவிடும். ஒரு வாட் கட்டைக்கு 20 மில்லிஆம்ப் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே போட்டாக வேண்டும் என்றால் பின்னால் ஒரு 10 மைக்ரோஹென்றி இண்டக்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வையுங்கள்.

என் வீட்டில் ஓடுவது பழைய எலிமினேட்டர். கையில் எடுத்தால் கனக்கும், உள்ளே நிஜ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் 9 வோல்ட் ரகம். பின்னால் ஒரு 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி). எலிமினேட்டரை லோடு இல்லாமல் சும்மா அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், பயப்பட வேண்டாம், 7805 தாங்கும். மொபைல் சார்ஜர் வேண்டாம், அதற்குள்ளும் அதே கெப்பாசிட்டர் இருக்கிறது. இரண்டு மணி நேரச் சோதனை என்றால் நாலு ரீசார்ஜபிள் ஏஏ பேட்டரி போதும், 4.8 வோல்ட், இதைவிடச் சுத்தமான சப்ளை இல்லை.

இப்போது சார்ஜர் செருகினாலும் 7.1, கழற்றினாலும் 7.1. கடைசி இலக்கம் எப்போதாவது ஒன்று ஏறி இறங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ஏடியூஎம் 1201 ஒரு நிமிடத்துக்கு 2500 வோல்ட் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் இருப்பதைப் பார்த்து, பிரெட்போர்டில் வைத்து மெயின்ஸை அளக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஐசியின் கால்களுக்கு நடுவே இருப்பது சுமார் 4 மில்லிமீட்டர்தான், பிரெட்போர்டில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. தொட்டி நீரைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றால் அதற்கு மருந்து ஐசோலேட்டர் இல்லை. பம்பை மாற்றுங்கள், வீட்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கோட் ஏறவில்லை என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். ஏறாதுதான். அப்லோடு தொடங்கும்போது ஆர்டுயினோவை ரீசெட் செய்யும் டிடிஆர் லைனுக்கு இந்த ஐசியில் சேனல் இல்லை. "அப்லோடிங்" என்று வந்ததும் ரீசெட் பட்டனைக் கையால் தட்டுங்கள். இரண்டு மூன்று முறை தவறும், பிறகு கை பழகிவிடும். சிரமம் வேண்டாம் என்றால் ஏடியூஎம் 1301 வாங்குங்கள், இரண்டு சேனல் போக, ஒன்று வர.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாகக் கட்டியும் ஆட்டம் நிற்கவில்லை. படம் அனுப்பச் சொன்னேன். அதே ஆர்டுயினோவில் டிடிஎஸ் ப்ரோப் (நீரில் கரைந்த உப்புகளை அளப்பது) ஒன்றும் இருந்தது. அது நீருக்குள் தானே கரண்ட் விட்டு அளப்பது. பிஹெச் ப்ரோப் அதே கிரவுண்டில் இருந்தால் பாதிக்காமல் என்ன செய்யும்? சீரியலைப் பிரித்து இதற்குப் பயனில்லை. டிடிஎஸ் ப்ரோபின் இரண்டு ஒயரையும் ஒரு சின்ன ரிலே வழியாகக் கொண்டுபோய், பிஹெச் எடுக்கும் நேரத்தில் மட்டும் துண்டிக்கச் சொன்னேன். ஒரு ஒயரை மட்டும் துண்டித்தால் போதாதா என்று கேட்டார். போதாது, இரண்டையும்.