ஒரு ஃபோல்டர் திறக்கலைன்னு சி டிரைவையே திறந்து போட்டா

ஐப்பசி இடிமழைக்கு எங்க ஊர்ப்பக்கம் வருஷா வருஷம் நாலஞ்சு மதர்போர்டு பலி. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் தப்பிச்சிரும். அதைக் கழற்றி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா, போட்டோ ஃபோல்டர் 'ஆக்சஸ் டினைட்' காட்டும். கூத்து அங்கதான் ஆரம்பிக்கும்.

போன வாரம் தக்கலையில இருந்து ஒரு பையன் சிபியுவை பைக்ல கட்டிக்கிட்டு வந்தான். "அண்ணே, ஒண்ணும் பண்ணல. எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் மட்டும் குடுத்தேன்." எதுக்குடா? "இ டிரைவுக்கு. சி டிரைவுக்கும் குடுத்தேன், எதுக்கும் இருக்கட்டும்னு."

சி டிரைவுக்கு மொத்தமா பர்மிஷன் குடுக்கிறது

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' எனக்கு இன்னும் எரிச்சல். ஏன்னா நானும் அதைச் செஞ்சவன். விண்டோஸ் 7 காலம், நாகர்கோவில்ல ஒரு ஸ்டுடியோ, ஆவணி மாசக் கல்யாண ஆல்பம் வரிசையில நிக்குது. திறக்காதது ஒரே ஒரு ஃபோல்டர். நான் சி டிரைவ்ல அட்வான்ஸ்டு போய், உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும் மாத்துன்னு டிக் போட்டு ஓகே அடிச்சேன். நடுவுல எரர் வர வர, கன்டினியூ கன்டினியூன்னு அமுக்கினேன். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து விண்டோஸ்ல இருந்து ஃபாண்ட் வரைக்கும் புதுசா ஏத்த வேண்டியதாச்சு. காசு கேட்க வாய் வரல.

விஷயம் இதுதான். விண்டோஸ் ஃபைல்கள்ல பெரும்பாலானதுக்கு ஓனர் நீங்க இல்ல, 'ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்'ங்கிற விண்டோஸோட சொந்த அக்கவுண்ட். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யாருக்கு எவ்வளவு உரிமைன்னு தனித்தனிப் பட்டியல் உண்டு. அந்த டிக் எல்லாப் பட்டியலையும் அழிச்சு ஒரே பட்டியலை எழுதும். பழசு எங்கேயும் மிச்சம் இருக்காது; அன்டூ கிடையாது. ஸ்டோர் ஆப் திறக்காது, அப்டேட் ஏறாது, எது எப்போ முரண்டு பிடிக்கும்னு சொல்ல முடியாது.

பழைய டிஸ்க் ஏன் திறக்கலைன்னு முதல்ல பாருங்க. ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டி டேப் போனா, பேருக்குப் பதிலா எஸ்-1-5-21-ன்னு நீளமா ஒரு நம்பர் இருக்கும். விண்டோஸ் ஆளை ஞாபகம் வைக்கிறது அந்த நம்பரை வச்சுத்தான். புது கம்ப்யூட்டர்ல அதே பேர்ல அக்கவுண்ட் போட்டாலும் நம்பர் வேற, ஆள் வேற. அதனால திறக்காத அந்த ஒரு ஃபோல்டர்ல மட்டும் ஓனரை உங்க பேருக்கு மாத்துங்க, உள்ளே இருக்கிறதுக்கும் சேர்த்து. பிராப்பர்ட்டீஸை மூடித் திறந்து, உங்க பேருக்கு ஃபுல் கண்ட்ரோல். பல நேரம் இதுகூட வேண்டாம். ஃபோல்டரைத் திறக்கும்போது வர்ற கன்டினியூ பட்டனே போதும். ஆயிரக்கணக்குல போட்டோ இருந்தா மேலே பச்சைக்கோடு பைய ஊர்ந்து போகும். பொறுக்காம கேன்சல் அடிச்சா பாதி திறக்கும், பாதி திறக்காது.

டினை டிக்

பர்மிஷன் பட்டியல்ல அலவ் பக்கத்துல இருக்கிற தடை டிக் இது. போடாதீங்க. அலவும் சேர்ந்து இருந்தாலும் டினைதான் ஜெயிக்கும்.

ரீட் ஒன்லியோட மல்லுக்கட்டுறது

ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸ்ல ரீட் ஒன்லி கட்டத்துல, எடுத்தாலும் திரும்ப வரும் அந்தக் கறுப்புச் சதுரம் நோய் இல்ல. அது ஃபோல்டரைப் பத்தினதே இல்ல, உள்ளே இருக்கிற ஃபைல்களைப் பத்தினது. சேவ் ஆகலைன்னா காரணம் வேற எங்கேயோ. விண்டோஸ் செக்யூரிட்டியில, தெரியாத புரோகிராமை ஃபோல்டர்ல எழுத விடாத 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆன்ல இருக்கான்னு பாருங்க.

டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸைத் திறக்கப் பார்க்கிறது

அது ஃபோல்டரே இல்ல, 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குக் கை காட்டுற பலகை. விடுங்க.

காலி பென் டிரைவை ஃபார்மட் அடிக்கிறது

ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருக்கும், இல்ல ஒண்ணுமே தெரியாது. ஆனா 8 ஜிபியில 5 ஜிபி நிறைஞ்சிருக்குன்னு காட்டும். ஃபைல் போகல, வைரஸ் ஒளிச்சு வச்சிருக்கு. ஹிடன் டிக்கை எடுக்கப் போனா மங்கிக் கிடக்கும், ஏன்னா விண்டோஸோட ஃபைல்னு குறிக்கிற சிஸ்டம் அட்ரிப்யூட்டும் சேர்ந்து விழுந்திருக்கு. கமாண்ட் பிராம்ப்ட்ல அட்ரிப் கமாண்டுக்கு மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் மூணையும் ஒண்ணா குடுக்கணும், கூடவே ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி. அதுக்கு முன்னாடி ஸ்கேன்.

என்கிரிப்ட் பண்ணின ஃபோல்டர்

தக்கலைப் பையனோட டிஸ்க்லயும் ஒண்ணு இருந்துச்சு, ஃபைல் மேல குட்டிப் பூட்டுப் படத்தோட. ஓனரை மாத்தினாலும் இது திறக்காது. சாவி பழைய விண்டோஸ்ல, அந்த அக்கவுண்டுக்குள்ள இருக்கும். "பழைய விண்டோஸ் இருந்த டிரைவை ஃபார்மட் பண்ணலைல்ல?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தான்.